இடக்கைக் கத்தி

நான் பீச்சாங்கைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சோறு வலக்கையால்தான் சாப்பிடுவேன். சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. திருநீறு, வெற்றிலை பாக்கு, சம்பளம் எல்லாம் வலக்கையால்தான் வாங்குவேன். ஆனால் கத்தி என்று ஒன்றைத் தொட்டால் கை தானாக மாறிவிடும். அதை யாராலும் அடித்து மாற்ற முடியவில்லை.

இப்போது மலாக்கா பக்கம் கிளேபாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் கத்தி வாங்கிக்கொண்டு வருவாள். ஒரே அட்டையில் பெரிசும் சின்னதுமாகக் குத்தி வைத்திருக்கும். பிடி பச்சையும் மஞ்சளுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். "ரொம்ப மலிவு லா அத்தை" என்பாள். நான் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். தகர டப்பாவைத் தட்டினது போல் ஒரு சத்தம் வரும். "தக்காளிக்குச் சரி. பூசணிக்கா மட்டும் வாங்கிறாத" என்பேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கத்தி பிடித்துப் பிழைத்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை, என்ன செய்வது?

நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டினேன். பார்ப்பவர்களுக்கு அது சுலபமான வேலை. மரத்தின் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சாய்வான கோடு. அந்தக் கோட்டில் நாள்தோறும் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் கோடு வழியே ஓடி வந்து மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் விழும். அவ்வளவுதான். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரமான ஒரு தோல் இருக்கிறது. பட்டையை ஆழமாக வெட்டினால்தான் பால் வரும்; கொஞ்சம் கூடுதலாக ஆழம் போனால் அந்தத் தோல் அறுந்து வெள்ளையாக மரம் தெரிந்துவிடும். அதற்குக் காயம் என்று பெயர். காயம் பட்ட இடம் ஆறும்போது முண்டு கட்டிக்கொள்ளும். சில வருஷம் கழித்துப் புதுப்பட்டை வளர்ந்து வெட்டும் முறை திரும்ப வரும்போது, அந்த முண்டில் கத்தி ஓடாது. எங்களுக்குக் கங்காணியான மண்டோர் ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்பும் தூரிகையுமாக நிரை நிரையாக வருவார்; ஒருத்திக்கு ஒதுக்கின மர வரிசைதான் நிரை. காயத்தைப் பார்த்தால் அதற்கு நேரே வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போவார். அந்தப் பொட்டை வழியே போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். யாருடைய நிரை என்றும் எல்லாருக்கும் தெரியும்.

கடையில் விற்கிற கத்தி எல்லாம் வலக்கைக்குத் தீட்டியது. இடக்கையில் பிடித்தால் அதன் வாய் மரத்துக்குள்ளே பார்க்கும். கல்யாணத்துக்கு முன்னால் அப்படிப்பட்ட கத்தியோடுதான் மல்லுக்கட்டினேன். "பீச்சாங்கையால மரத்தத் தொட்டா மரம் வெளங்குமா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். கையில் கோளாறு இல்லை, கத்தியில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்பார்கள்?

கல்யாணமாகி, எனக்கென்று நாலு காசு சேர்ந்ததும், மூக்குத்தி வாங்கலாம் என்று வீட்டுக்காரர் மலாக்கா டவுனுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். நான் நகைக்கடைக்குப் போகும் வழியில் ஆற்றோரம் இருந்த ஒரு சீனர் சாமான் கடையில் நுழைந்துவிட்டேன். வாசலில் கூடை நிறையப் பால்வெட்டுக் கத்திகள், முருங்கைக்காய் மாதிரி கட்டுக் கட்டாக. "முரா, முரா" என்று கடைக்காரத் தவுக்கே கூடையைக் காட்டினார், மலிவாம். நான் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன். இன்னொன்று, அதையும் போட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின ஒன்றைக் கொண்டுவந்தார். சீமை எஃகு. சுண்டினேன். கோயில் மணியைத் தொட்டு விட்டால் கடைசியில் ஒரு சத்தம் தங்கி நிற்குமே, அப்படி நின்றது.

இடக்கையால் பிடித்துக் காட்டி, எனக்கு இப்படித் தீட்டிக் கொடுக்க வேண்டும் என்றேன். "தாங்ஙான் கிரி?" என்று அவர் தன் இடக்கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கத்தியையும் கீழே வைக்கவில்லை. கடைசியில் அவரே சாணைச் சக்கரத்தில் உட்கார்ந்து, பழைய வாயை எடுத்துவிட்டு எனக்காக மறுபக்கம் வாய் வைத்தார். நடுவில் நிறுத்தி நிறுத்தி என் கையில் கொடுத்து, காற்றில் வெட்டச் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதருக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன். மூக்குத்திப் பணம் போய்விட்டது. வீட்டுக்காரர் பாதி வழி, ஜாசின் வரைக்கும் பஸ்ஸில் பேசவில்லை. அதற்கப்புறம், "ஊருல பொண்டாட்டிங்க மூக்குல போடுவாளுங்க, எம் பொண்டாட்டி கையில போட்டிருக்கா" என்றார். அது கோபமா கேலியா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கத்தி கைக்கு வந்த பிறகு என் நிரையில் வெள்ளைப் பொட்டு நின்றுபோயிற்று. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மண்டோர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் நிரைக்குள் நுழைவார், கழுத்து வலிக்க ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார், வெளியே வந்துவிடுவார். புது மரம் திறந்தபோது எனக்கும் அதில் நிரை கொடுத்தார்கள். முதன்முதலாகக் கத்தி படப்போகிற மரங்கள், மழமழவென்று, என் கை வேலையை வாழ்நாள் முழுக்க உடம்பில் சுமக்கப்போகிற மரங்கள். சிரித்த பெண்களுக்கும் அப்புறம் கண் திறந்தது. ஒவ்வொருத்தியாக டவுனுக்குப் போய் நல்ல கத்தி வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கத்தியை இன்னொருத்தி தொட மாட்டோம். தாலியைக்கூடக் கழற்றி வைப்போம், கத்தியை இரவல் கொடுக்க மாட்டோம்.

அப்போதுதான் வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சுடுகிறார்கள், பட்டாளம் காட்டுக்குள் போய்ச் சுடுகிறது என்று நாள்தோறும் ஒரு சேதி. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். விடிந்தபின்தான் கேட் திறப்பார்கள். வெளியே போகும்போது ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம் மடியில் இருந்தாலும் விடமாட்டார்கள். அதைக் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறோமாம். பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். வயிற்றில் பால் இல்லாத தேத்தண்ணி, வெளியில் வெயில், வெட்டப் போவதோ பால் மரம்.

ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் மண்டோர் புது ஆர்டரைச் சொன்னார். காட்டில் எங்கோ ஒரு முகாமைப் பிடித்தபோது பால்வெட்டுக் கத்திகள் கிடைத்தனவாம். எந்தத் தோட்டத்துக் கத்தி என்று யாருக்கும் தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனிமேல் யாரும் சொந்தக் கத்தி வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஆபீஸ் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். தோட்டத்து ஸ்டோரிலிருந்து நம்பர் அடித்த கத்தி காலையில் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவு பெண்களும் கத்தியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தோம். நானும் வைத்தேன். அந்த நாளில் ஆர்டருக்கு எதிர்ப்பேச்சுப் பேசினால் போலீஸ் ஸ்டேஷனில் போய்த்தான் மீதியைப் பேச வேண்டும்.

ஸ்டோர்க் கத்தியைப் பற்றி என்ன சொல்ல? டவுன் கடையின் வாசல் கூடையில் கிடந்ததே, அதன் தம்பி. காலையில் தீட்டினால் பாதி நிரை முடிவதற்குள் வாய் மடங்கிவிடும். மடங்கின வாயால் பட்டையைச் சீவ முடியாது, பிய்க்கத்தான் முடியும். பிய்த்தால் பால் நேரே ஓடாமல் பட்டையில் வழியும். அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். வலக்கைக்காரிகளுக்கே அந்தக் கதி என்றால் என் கதியைக் கேட்கவே வேண்டாம். தீட்டி வலமிருந்து இடம் மாற்றலாம் என்று பார்த்தேன்; அந்தத் தகரத்தில் தீட்டத் தீட்டத் தேய்ந்ததே தவிர வாய் நிற்கவில்லை. மண்டோரிடம் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர். "மத்தவளுங்க வெட்டலையா? ஒனக்குக் கை கோணல், கத்திய ஏன் திட்டுற?"

அந்த வாரமே என் நிரையில் முதல் வெள்ளைப் பொட்டு விழுந்தது. பொட்டு வைத்துவிட்டு மண்டோர் போன பிறகு அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. வீட்டுக்காரர் ரப்பர் புகைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர், சாது. "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு புள்ள" என்றார். ஆனை சறுக்கினால் எழுந்து போய்விடும். மரத்தில் பட்ட காயம் போகாதே. அடுத்தடுத்து இன்னும் பொட்டுகள் விழுந்தன. பெரட்டில் எல்லார் முன்னாலும் மண்டோர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: ஆயுத பூசை வரைக்கும் பார்ப்பார், அதற்கப்புறமும் புது மரத்தில் பொட்டு விழுந்தால் என் பேரைக் கிழித்துவிடுவார். பேர் கிழிந்தால் லயத்து வீடு போகும். வேலிக்கு வெளியே வீடில்லாமல் நிற்கிற தமிழனை அந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி வீட்டுக்குப் போனேன். பெட்டிச் சாவி அவரிடம்தான். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சிலும் சட்டையிலும் ஒரு சுருக்கம் இருக்காது. பின்பக்க ஜன்னலில் கண்ணாடியை மாட்டி, முகம் நிறைய நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, இந்த நேரத்தில?"

"எங் கத்திய மட்டும் குடுத்துருங்க ஐயா. காலைல வாங்கிட்டுச் சாயந்தரம் உங்க கைலயே குடுத்துர்றேன்."

"அது துரையின்ர ஓடர். அதை நான் மீறேலாது."

நான் அவர் கையில் இருந்த சவரக் கத்தியைப் பார்த்தேன். தந்தம் போல் வெளுத்த பிடி, தண்ணீர் மாதிரி பளபளக்கிற அலகு. "அது எப்ப வாங்கினது ஐயா?" என்று கேட்டேன்.

"இது என்ர ஐயா பாவிச்சது. நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறேக்க தந்தவர்." அவர்கள் அப்பாவைத்தான் ஐயா என்பார்கள்.

"அத ஆபீஸ் பெட்டில பூட்டிட்டு, ஸ்டோர்ல பொதுவா ஒரு கத்தி வச்சு, தோட்டத்து ஆம்பளைங்க எல்லாரும் இதுலதான் செரைச்சுக்கணும்னு ஆர்டர் வந்தா என்னய்யா பண்ணுவீங்க?"

உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. கிராணி சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்தார், கண்ணாடியைப் பார்த்தார். "ஓடர் எண்டா செய்யத்தான் வேணும் பிள்ளை" என்றார். "முகத்தில காயம் வரும். வந்தாலும் செய்யத்தான் வேணும்."

"மனுசன் காயம் பட்டா ஐயோங்கிறான். மரத்துக்கு வாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக்கூட மறந்துவிட்டேன். அப்புறம் யாரையோ அனுப்பி எடுத்துவரச் சொன்னேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அம்மன் முன்னால் ஒரு நீளப் பலகை போட்டு வெள்ளை விரிப்பார்கள். ஆபீஸ் டைப்ரைட்டர் முதற்கொண்டு லாரிச் சாவி, கொல்லன் சுத்தியல், தச்சன் உளி, எங்கள் பால்வெட்டுக் கத்தி வரைக்கும் எல்லாம் அந்தப் பலகையில் ஏறும். சந்தனம், குங்குமம் வைப்போம். அன்றைக்கு யாரும் அதைத் தொட்டு வேலை செய்யக் கூடாது. மறுநாள் காலையில் அவரவர் பொருளை அவரவர் எடுத்து, அதனால் முதல் வேலையைச் செய்துவிட்டுத்தான் மற்ற காரியம். உழைக்கிற கைதான் வைக்க வேண்டும், உழைக்கிற கைதான் எடுக்க வேண்டும். ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் வைத்தால் பூசை ஏறாது என்பது எங்கள் வழக்கம்.

அந்த வருஷம் மண்டோர் ஸ்டோர்க் கத்திகளை ஒரு சாக்கில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தார். "ஆளுக்கொண்ணு எடுத்து வைங்க" என்றார். நாங்கள் யாரும் கை நீட்டவில்லை. முந்தின நாளே தண்ணீர்க் குழாயடியில் நான்தான் சொல்லிவைத்திருந்தேன். வயதான ஒரு அக்கா மட்டும் பயந்தார்கள். "கத்தி வைக்கலேன்னா ஆத்தா கோவிச்சுக்குவா புள்ள" என்றார்கள். "நம்ம கத்தியப் பெட்டில பூட்டிட்டு எரவல் கத்திக்குப் பொட்டு வச்சா மட்டும் ஆத்தா சிரிப்பாளாக்கா?" என்று கேட்டேன். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

பலகையில் தச்சன் உளி இருந்தது, கொல்லன் சுத்தியல் இருந்தது, டைப்ரைட்டர் மாலையோடு உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் வெள்ளைத்துணி வெறுமையாகக் கிடந்தது. பூசாரிப் பண்டாரம் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். மண்டோர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி ஒருத்தியாகக் கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்துவிட்டார். வருஷா வருஷம் பூசைக்கு வந்து, மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போவது துரைமார் வழக்கம். எங்கள் துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார். திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவார்.

பலகையைப் பார்த்தார். "பொம்பளைங்க கத்தி எங்கே?"

"இந்தாங்க தொரை, சாக்குல இருக்கு" என்றார் மண்டோர்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "பெட்டில இருக்கு தொரை. ஆபீஸ் பெட்டில" என்றேன். பின்னாலிருந்து வீட்டுக்காரர் என் முழங்கையை நறுக்கென்று கிள்ளினார். துரையின் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா? எடுக்கவும் எனக்கு மனசில்லை.

பெரிய கிராணி துரையின் காதோரம் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லும்போது தன் தாடையை ஒரு தடவை தடவிக்கொண்டார், அதை மட்டும் பார்த்தேன். துரை உதட்டோரம் சிரித்தார். "பெட்டி கொண்டா. பூசைக்கு மட்டும்" என்றார். இரண்டு கான்ஸ்டபிள்கள் பெட்டியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். "பிராட் லா!" என்று ஒருவர் மூச்சு வாங்கினார், கனமாம். திறந்ததும் நாங்கள் போய் அவரவர் கத்தியை எடுத்தோம். அவ்வளவு கத்திக்குள் என்னுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களும் தேடவில்லை. துணியால் துடைத்து, பொட்டு வைத்து, பலகையில் வைத்தோம். பண்டாரம் கற்பூரம் காட்டும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையால் வந்தது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்.

ராத்திரி முழுக்கக் கான்ஸ்டபிள் கோயில் வாசலில் காவல் இருந்தார்; மறுநாள் காலையில் வழக்கப்படி கத்தியை எடுத்துக்கொண்டோம். எடுத்த கத்தியால் முதல் வேலை செய்தாக வேண்டும் என்று பண்டாரம் சொல்ல, துரை அந்த ஒரு வேளைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். மத்தியானம் எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். மண்டோர் வேறு கணக்குப் போட்டிருந்தார். கோயிலில் அவர் மானத்தை வாங்கியவள் நான். என் நிரையில் இருக்கிற பொட்டுகளைத் துரைக்கு நேரில் காட்டினால் அன்றைக்கே என் கதை முடிந்துவிடும். நான் முதல் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை, மண்டோர், கிராணி மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

"இவதான் தொரை, பீச்சாங்கைக்காரி. பாருங்க, எவ்வளவு பொட்டு. புது மரத்த நாசம் பண்ணிட்டா. மத்தவளுங்களையும் தூண்டி விடுறா."

துரை பொட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெட்டு" என்றார்.

காய்ந்து ஒட்டியிருந்த பழைய பாலை நாடா மாதிரி உரித்துக் கூடையில் போட்டேன். கத்தியை வைத்தேன். இடக்கைக்கு அது தெரிந்த கத்தி, கத்திக்கும் இடக்கையைத் தெரியும். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே ஓட்டம். பட்டைச் சீவல் அறுபடாமல் சுருண்டு விழுந்தது. கோட்டின் மேலிருந்து கீழ் வரைக்கும் ஊசிமுனை ஊசிமுனையாகப் பால் துளிர்த்து, ஒன்றாகச் சேர்ந்து, ஒரு சொட்டுக்கூட வெளியே வழியாமல் மங்குக்குப் போயிற்று. அடுத்த மரம், அப்படியே. அதற்கடுத்த மரமும் அப்படியே. பக்கத்து நிரைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரை வெட்டின கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "கத்தி குடு. நான் வெட்டிப் பாக்கிறேன்."

துரை கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. அவர் நீட்டியது வலக்கை. என் கத்தி அந்தக் கையில் போனால் அதன் வாய் நேரே மரத்துக்குள் இறங்கும், அந்தக் காயம் என் நிரையில் விழும். அதோடு, அது என் கத்தி.

"குடுக்க மாட்டேன் தொரை" என்றேன்.

மண்டோர், "ஏய்!" என்று கத்தினார். கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங் கைக்குத் தீட்டினது. உங்க கையில போனா மரத்துக்குக் காயம். நாங்க யாரும் யாருக்கும் கத்தி குடுக்கிறதில்ல. தொரைக்குக் கத்தி வேணும்னா தோட்டத்துக் கத்தி இருக்குதே. எல்லாருக்கும் அதுதானே ஆர்டர்?"

துரையின் முகம் சிவந்தது. அந்த நேரத்தில் நான் லயத்து வீட்டையும், பாய் படுக்கையையும், புகைக் கொட்டகையில் ஒன்றும் தெரியாமல் நிற்கிற வீட்டுக்காரரையும் நினைத்துக்கொண்டேன். கத்தியைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை. துரை நீட்டின கையை மடக்காமல் அப்படியே மண்டோர் பக்கம் திருப்பினார். மண்டோர் இடுப்பில் செருகியிருந்த ஸ்டோர்க் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

துரை அடுத்த மரத்துக்குப் போனார். வெட்டத் தெரியாதவர் இல்லை; சின்னத் துரையாக வந்த காலத்தில் எல்லா வேலையும் செய்து பழகினவர். காலை ஊன்றிக்கொண்டு, சரியாகத்தான் கத்தியை வைத்தார். பாதிக் கோட்டில் கத்தி பட்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பளிச்சென்று வெள்ளையாக மரம் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரையாவது ஒன்றாவது! என் புது மரம் அது. "ஐயோ, எம் மரம்!" என்று அலறியே விட்டேன்.

துரை அந்தக் காயத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மண்டோர் கையில் இருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கினார். தூரிகையைத் தோய்த்தார். தன் காயத்துக்கு நேரே, தானே, பெரிசாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டோர்க் கத்தியை வளைத்துப் பார்த்தார். அது வளைந்தது. அதை மண்டோரிடம் கொடுக்கவில்லை, புல்லில் போட்டார்.

"காலையில பெட்டி தெற. அவங்க கத்தி அவங்களுக்குக் குடு. வேலை முடிஞ்சா பூட்டு" என்று கிராணியிடம் சொன்னார். கிராணி, "சரி துரை" என்றார். தமிழில்தான் சொன்னார். மண்டோர் குனிந்து புல்லில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டார்.

துரை கிளம்பும்போது நான் விடவில்லை. "தொரை, இந்தப் பொட்டு எங் கணக்குல வராது" என்றேன். அவர் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "என் கணக்கு" என்றார்.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் நான் வெட்டின காலமெல்லாம் என் கத்தியால்தான் வெட்டினேன். வேலி போனது, அவசரகாலம் போனது, அந்தத் துரையும் கப்பல் ஏறிப் போய்விட்டார். அவர் காயம் போகவில்லை. ஆறி, முட்டி மாதிரி முண்டு கட்டி அந்த மரத்தில் நின்றது. வெட்டு முறை திரும்பி அந்த இடத்துக்கு வந்தபோது, கத்தியைத் தூக்கி அதைச் சுற்றித்தான் வெட்ட வேண்டியிருந்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு, "இது யாரு அக்கா வெட்டினது?" என்று கேட்பார்கள். தொரை வெட்டினது என்பேன். சிரிப்பார்கள். நான் மட்டும் சிரித்ததில்லை. எத்தனை பெரிய துரையாக இருந்தால் என்ன, காயம் பட்டது என் மரத்துக்கு.